நிகர எடை

புளியரையில் எடை மேடைதான் எனக்குச் சோறு.
மொத்த எடையில் வண்டி எடையைக் கழித்தால் சரக்கு எடை.
இதற்கு மேல் கணக்கு எனக்குத் தெரியாது,
தெரிந்திருந்தால் புனலூருக்குப் போயிருக்க மாட்டேன்.

சர்ச் கொயரை விட்டு வளைகுடா போகிற அவசரத்தில்
தங்கச்சன் தன் சின்தசைசரை விற்றான்.
"கொடுக்கான் மனஸில்ல" என்று சொல்லிக்கொண்டே
நோட்டுகளை இரண்டு முறை எண்ணினான்.
ரயிலில் மடியிலேயே வைத்திருந்தேன்.
பகவதிபுரம் வரும்வரை ஒவ்வொரு குகையிலும்
இருட்டை நம்பாமல் இறுக்கிப் பிடித்தேன்.

முப்பிடாதி நோட்டில் எழுதினாள்: பெட்டி, 14,500.
அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாள்.
அந்தக் கோடுதான் அவள் செய்த ஒரே தவறு.

பெட்டிக்கு வாய் கிடையாது. வாய்க்கு ஒயர் வேண்டும்,
ஒயருக்கு இன்டர்ஃபேஸ்,
இன்டர்ஃபேஸைப் பழைய லேப்டாப் சேர்த்துக்கொள்ளவில்லை.
ஸ்பீக்கர் ஒற்றையாகத் தரமாட்டார்களாம், ஜோடிதான்.
"உழவு மாடா?" என்றாள்.
ஸ்டாண்டு மட்டும் வேண்டாமென்று விட்டேன்,
அரிசி டிரம் அதே உயரம்.
மாசக் கடைசியில் டிரம் காலியாக
பேஸ் வாசித்தால் தகரம் கூடவே பாடும்.

கேரளத்துக்குப் போகும் முட்டை லாரிக்காரர்
அறுபது அட்டை சும்மா தந்தார்.
சுவரெல்லாம் ஒட்டினேன்.
பல்லிகள் அன்றே குடிவந்தன.
என் சத்தம் அப்படியே வெளியே போனது,
கணவாய்க் காற்று அப்படியே உள்ளே வந்தது.

பிறகு அந்த இரைச்சல்.
எதை வாசித்தாலும் அடியில் ஒரு ம்ம்ம்,
சம்மதிக்காத ஆள் முனகுகிற மாதிரி.
பீர் முகைதீன் டெஸ்டரை வைத்துப் பார்த்துச் சிரித்தார்.
"வீட்டுக்கு எர்த்தே இல்லையே வே."
கொல்லையில் குழி, உப்பு, கரி, செம்புத் தகடு, கூலி.
ஆறு அடி ஆழத்தில் கிடக்கிறது எங்கள் தீபாவளி.
முக்கால்வாசி இரைச்சல் நின்றது.
மீதி, அடுத்த அறையில்
முப்பிடாதியின் தையல் மிஷின் மோட்டார்.

"ஒன்பதுலேர்ந்து பதினொண்ணு வரை நிறுத்திக்கிடுதேன்" என்றாள்.
சொன்ன குரலில் விலை எதுவும் கேட்கவில்லை.
யூனிஃபார்ம் தைக்கிற காலம். சாரல் காலம்.
தகரத்தில் மழை விழ, மைக்கை மூடிவைத்து
ஒரே சுருதியைத் திருகிக்கொண்டிருந்தேன் பல இரவு.
ஒருநாள் பேனா தேடி நோட்டைத் திறந்தால்
கோட்டுக்குக் கீழே, பென்சிலில்:
நிறுத்தினது 2 மணி. பாவாடை 3.
நிறுத்தினது 2 மணி. பாவாடை 3.
கரண்ட் இல்லை. ரெண்டு பேருக்கும் நஷ்டமில்லை.
நிறுத்தினது 2 மணி. பாவாடை 3.
பக்கத்தைத் திருப்பவில்லை.

ஐப்பசிக்குள் ஆனது
மூன்று நிமிடம் நாற்பது வினாடி.
ஹெட்போனை அவளே வாங்கி
பூ நசுங்காமல் மாட்டிக்கொண்டாள்.
"லாரி கேக்கு."
"செக்போஸ்ட்ல கியர் மாத்துனான். எடுக்க முடியல."
"எத்தனை டன்?"
"சத்தத்துக்கு இருபத்தஞ்சு இருக்கும்."
கண்ணை மூடினாள். விரல்கள் தொடைமேல்
துணி தள்ளுவதுபோல் நகர்ந்தன.
"இது என் மிஷினா?"

இல்லை. பெட்டிக்குள் நானே செய்த டிக்டிக்,
நாலு ராத்திரி வேலை.
சொன்னேன்.

"என் மிஷின்னே வச்சுக்கிடுவோம்" என்று
நோட்டை இழுத்து
மூணு பாவாடையைக் கழித்தாள்.

மீதி நிற்கிறது.