பதினைந்தாம் தேதி வரிசை

நேற்று அலுவலகம் விடுமுறை.
சித்திரை ஒன்றுக்காக அல்ல, அண்ணல் பிறந்தநாளுக்காக.
தாராவியில் இரண்டுக்கும் ஒரே காலண்டர் தாள்தான்:
காலையில் மாங்காய்ப் பச்சடி, சாயங்காலம் நீலக் கொடி.

ஆகவே நேற்றுப் பிறந்தவர்களுக்காகவும்
நேற்றுச் செத்தவர்களுக்காகவும்
இன்று ஒன்பதே முக்காலுக்கே ஆட்கள்.
பிறப்புக்கு மூன்றாம் ஜன்னல், இறப்புக்கு நான்காவது.
நான்காவதில் உட்காரும் சுவர்ணா காம்ளே விடுப்பு;
சைத்ய பூமிக் கூட்டத்தில் நின்று கால் வீங்கிவிட்டதாம்.
அதனால் எனக்கு ஒரே வரிசை.
பேடா டப்பாவும் சுடுகாட்டு ரசீதும்
முன்னும் பின்னுமாக.

தேதி என்பது லோக்கல் வண்டியின் மூன்று பேர் பலகை.
எப்படியும் நாலாவது ஆள் வந்து
ஒரு தொடை வைக்க இடம் கேட்பான்.

ஏப்ரல் பதினாலில் ஏற்கெனவே நெரிசல்.
மோவ் படைமுகாமில்
ஒரு சுபேதாருக்குப் பதினாலாவது பிள்ளை.
வாஷிங்டன் நாடகக் கொட்டகையில் ஒரு துப்பாக்கிச் சத்தம்;
சுட்டது பதினாலு, உயிர் போனது பதினைந்து,
அந்த ஜனாதிபதி அடுத்த பக்கத்தில் வருவார்.
அட்லாண்டிக் கப்பலும் அப்படியே:
பனிப்பாறையில் உரசியது இந்தத் தேதி,
மூழ்கியது மறு தேதி.
இருபத்திரண்டு வருஷம் இந்த நாற்காலியில் இருந்தால்
உலகச் சாவுகளையும் சரியான பக்கத்தில்
போடத் தோன்றும்.

பிறகு நம்ம ஊர்.
நாற்பத்து நாலு, விக்டோரியா டாக்.
பஞ்சையும் வெடிமருந்தையும் தங்கக் கட்டியையும்
ஒரே வயிற்றில் அடுக்கி வந்த கப்பல்.
சாயங்காலம் நாலு மணி ஆறு நிமிஷம்.
சிம்லாவில் நிலநடுக்க ஊசி துள்ளியது.
தங்கம் பறந்துபோய் யாரோ வீட்டுக் கூரையைத் துளைத்தது.
அணைக்கப் போனவர்களில் அறுபத்தாறு பேர்
வீடு திரும்பவில்லை.

"அப்பா பொறந்தது டாக் வெடிச்ச அன்னிக்கு மேடம்."
இசக்கிதுரை. தொண்ணூறடி ரோடு. மொட்டை இன்னும் காயவில்லை.
"மொத வெடிக்குத் தலை வந்துச்சாம்.
அரை மணி கழிச்சு ரெண்டாவதுக்குத்தான் மீதி ஒடம்பு.
மஸ்ஜித் பந்தர் குடோன் ஓரமா, சாக்கு மேல.
நேத்து அதே தேதியில போய்ட்டாரு.
சேத்து எழுதுங்க."

இறந்தவர் பெயர் மாசானம்.
ஆதாரில் பிறந்த தேதி 01-01-1946.
தேதி தெரியாத பாதித் தாராவி
ஜனவரி ஒன்றில்தான் பிறந்திருக்கிறது.
மீதியை ஜூன் ஒன்றில் பெற்றெடுத்தார்கள்
பள்ளித் தலைமையாசிரியர்கள்.
நான் ஜூன்.

அவனிடம் சொல்லாதது ஒன்று:
டாக் வெடித்த அன்று பிறந்தவர்கள்
இந்த ஜன்னலில் இதுவரை பதினோரு பேர் செத்திருக்கிறார்கள்.
விசாரித்தால் மூன்று பேராவது மே மாதக் குழந்தைகள்.
ஒருத்தர் அடுத்த வருஷம்.
பிள்ளை பிறந்தபோது வீட்டில் காலண்டர் இல்லை,
காதில் சத்தம் இருந்தது.

"கம்ப்யூட்டர் எடுக்காது தம்பி."
"கையால எழுதுங்க."
"ஆதார்ல என்ன இருக்கோ அதுதான் வரும்."

கொஞ்ச நேரம் திரையையே பார்த்தான்.
"அப்ப எங்கப்பா பொறந்த அன்னிக்கு
ஒண்ணுமே நடக்கலியா?"

பின்னால் நின்ற பையனுக்குப் பொறுக்கவில்லை.
சயான் ஆஸ்பத்திரிக் காகிதத்தை நீட்டினான்.
"பாப்பா நேத்து ராத்திரியே பொறந்துடுச்சு மேடம்.
அங்க கெடிகாரம் ஆறு நிமிஷம் ஃபாஸ்ட்டு.
பதினைஞ்சுன்னு போட்டுட்டாங்க.
பாபாசாகேப் நாளா மாத்திக் குடுங்க."
"லெட்டர் வாங்கிட்டு வா."
"மாத்திக் குடுங்களேன் மேடம்," என்றான் இசக்கிதுரை,
தன் வேலையை மறந்து.

பையன் டப்பாவைத் திறந்து அவனிடமே முதலில் நீட்டினான்.
அவனும் எடுத்துவிட்டான்.
வாய் வரை போன கை நின்றது.

நான் படிவத்தைத் திருப்பி வைத்தேன்,
கையெழுத்து இங்கே.
பேடாவை இடது கைக்கு மாற்றிக்கொண்டான்.