வெள்ளெழுத்து

டக்ஸ்டன் சாலைக் கடைவீடு ஒன்றில்
மொத்தம் பதினொரு மேசைகள்.
எங்களுக்கு வாய்த்தது மாடிப்படிக்கு அடியில்,
இரண்டு தட்டு வைத்தால்
முழங்கைக்கு இடமில்லாத ஒன்று.
உட்காருமுன்னே அறவாழி
சட்டைப்பையிலிருந்து டிஷ்யூ பொட்டலத்தை எடுத்து
நாற்காலியில் வைத்துவிட்டார்,
முப்பது வருட உணவங்காடிப் பழக்கம்.
பிறகு அவரே சிரித்துக்கொண்டு எடுத்தார்.
இங்கே இடம் பிடிக்க வேண்டியதில்லை.
அட்டையில் எழுதியே வைத்திருக்கிறார்கள்:
திரு அரவாஸி, இருவர்.

கண்ணாடிக் குவளைக்குள் ஒரு மெழுகுவத்தி.
அந்த வெளிச்சத்தில் எல்லாரும் அழகு,
உணவுப் பட்டியலைத் தவிர.
சர்க்கரை கண்ட எறும்புபோல
வரிவரியாய் ஏதோ ஊர்கிறது.
கைப்பையைத் துழாவினேன்.
என் கண்ணாடி மருந்தகத்திலேயே இருக்கிறது,
நான்காம் எண் முகப்பில்,
கடைசியாக எடுத்துக் கொடுத்த
இருமல் மருந்து இருந்த இடத்துக்குப் பக்கத்தில்.

பட்டியலைத் தள்ளிப் பிடித்தேன்.
இன்னும் தள்ளி.
பக்கத்து மேசைப் பெண்ணின் கூந்தலில் உரசியது.
அவள் இருபத்தைந்து வயதோடு திரும்பி
பரவாயில்லை ஆன்ட்டி என்றாள்.

அறவாழி தன் கண்ணாடியைக் கழற்றி,
துடைத்து, நீட்டினார்.
ஒரு காதில் செலோடேப்.
மூக்கில் படும் இடத்தில் அவர் சூடு.
படித்தேன்: கொடுவா மீன், எலுமிச்சை வெண்ணெய்.
திருப்பிக் கொடுத்தேன்.
அவர் படித்தது விலையை.
ஒன்றும் படிக்காதவர் மாதிரி
மறுபடி என்னிடமே தந்தார்.

இவருக்குப் பிடித்த நிறம் எனக்குத் தெரியாது.
காலையில் வெள்ளை மாத்திரை ஒன்று,
இரவில் மஞ்சள் பாதி என்று தெரியும்.
உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் தெரியும்.
மூன்று மாதத்துக்கு ஒருமுறை
பலதுறை மருந்தகத்துக்கு வருவார்.
ஒருநாள் கண்ணாடியைப் பேருந்திலேயே விட்டுவிட்டு வந்து,
இதில் என்ன போட்டிருக்கு என்றார்.
உணவுக்குப் பின், என்றேன்.
தனியாச் சாப்பிட்டாலும் கணக்கு உண்டா?
அவருக்குப் பின்னால் பதினேழு பேர்.
அடுத்த எண்ணை அழைத்தேன்.
அடுத்த மூன்று மாதமும்
அந்தக் கேள்வி முகப்பிலேயே கிடந்தது.

பரிமாறுகிற பையன் குனிந்து கேட்டான்,
ஆண்டு நிறைவா, கேக் இலவசம்.
நான் இல்லை என்று வாயெடுப்பதற்குள்
அறவாழி சொன்னார்:
இன்னும் இல்லை.
பையனுக்குப் புரியவில்லை.
எனக்கு மீன் முள்
இல்லாத மீனில் சிக்கியது.

பேருந்து ஓட்டுகிறவருக்குத் தூரம் பழக்கம்.
மழையிலும், அரைக் கிலோமீட்டருக்கு அப்பால்
குடைக்குள்ளிருந்து நீளும் கை தெரிந்துவிடுமாம்.
கிட்டே வருவதுதான் சிரமம் என்றார்,
பட்டியலைப் பற்றித்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.
எனக்கும் அப்படியே.
இந்த மேசை மிகச் சின்னது.
இவ்வளவு பக்கத்தில் அவர் முகம்
ஈரத் தாளில் எழுதிய பெயர்போலக் கலங்கி இருக்கிறது.
நாற்காலியைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்தால்
மீசை நரை வரைக்கும் துலங்கும்.
இழுக்கவில்லை.

சேவைக் கட்டணம், வரி எல்லாம் சேர்த்து
யார் கொடுப்பது என்று சண்டை போட்டோம்.
பாதிப் பாதி என்று முடிவானது.
சில்லறையில் அவர் இரண்டு வெள்ளி ஏமாற்றினார்,
தன் பக்கம் அதிகமாய்.
ரயில் நிலைய வாசலில்
அவர் பச்சைத் தடத்துக்கு, நான் இந்தப் பக்கம்.
கை குலுக்குவதா என்று தெரியாமல்
இருவரும் குடையைக் குலுக்கினோம்.

வீட்டுக்கு வந்து
சாவியை வைக்கக் கைப்பையைத் திறந்தால்
செலோடேப் காதோடு அவர் கண்ணாடி.

மணி பதினொன்று பத்து.
மாத்திரை போடும் நேரம்.
குறுஞ்செய்தி அனுப்பிப் புண்ணியமில்லை,
அவரால் படிக்க முடியாது.
அழைத்துத்தான்
சொல்ல வேண்டும்.