வாசிக்க மட்டும்

டோர்ஷாவ்னில் மழை மேலிருந்து விழுவதில்லை,
பக்கவாட்டில் வருகிறது,
சொல்லாமல் வரும் தணிக்கை அதிகாரி மாதிரி.

துறைமுக அலுவலகத்தின் மாடியில்
ரன்வாவுக்கு இந்த மாதம் ஆள் குறைவு.
எய்யுன் விடுப்பில். இரட்டைக் குழந்தைகள்.
படகுச் சீட்டு நிரல் முழுக்க
இனி அவள் தலையில்.

கறுப்புத் திரையில் காத்திருக்கும் உதவியாளிடம்
முதலில் எல்லாவற்றையும் கொட்டினாள்:
விலைப்பட்டியல், பிழைச்செய்திகள்,
சோதனைகளின் முடியாத புலம்பல்.
நள்ளிரவுக்குள் அதற்குத் தலை நிறைந்துவிட்டது.
காலையில் கேட்டதை மறந்துபோய்
மன்னிப்புக் கேட்டது, மிகுந்த மரியாதையோடு.

ஆகவே அதை மேஸ்திரியாக்கி
அதன் கீழே ஆள் சேர்த்தாள்.
ஆளுக்கொரு கோப்பு; அவ்வளவுதான் பிறப்பு.
மேலே பெயர்.
எப்போது கூப்பிடலாம் என்று ஒரு வரி.
கையில் என்னென்ன கருவி.
பிறகு, நீ யார் என்று சில வாக்கியங்கள்.

ஒன்று சோதனை ஓட்டுவது:
கொட்டும் ஆயிரம் வரிகளைத் தானே விழுங்கி
"மூன்று தோற்றன" என்று மட்டும் திரும்பும்.
இன்னொன்று அறிவிப்புப் பலகைகளை
டேனிஷில் எழுதுவது.
மூன்றாவதற்குப் பெயர் வைத்தாள்: குறைகாணி.

"திறமையான ஆய்வாளர், எல்லாவற்றுக்கும் உதவுவார்"
என்றுதான் எழுதியிருந்தாள்.
இரண்டு நாள் மேஸ்திரி அதைக் கூப்பிடவே இல்லை.
எல்லாவற்றுக்கும் என்றால்
எதற்கும் இல்லை என்றுதான் கேட்கும் போல.

அழித்தாள். எய்யுனை நினைத்துக்கொண்டு
மறுபடி எழுதினாள்:
நிரல் மாறியதும் கூப்பிடு.
பாராட்டாதே.
கோப்பின் பெயர் சொல், வரி எண் சொல்.
நாள், நேரம் தென்பட்டால் சந்தேகப்படு.
"ஒருவேளை" என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்து.
(அவன் காபி உறிஞ்சும் சத்தத்துக்கு
கோப்பில் இடமில்லை.)

கருவிகள்: வாசி, தேடு.
'எழுது' என்ற சொல்லுக்கு முன்னால் விரல் நின்றது.
எய்யுன் ஒருநாளும்
அவள் விசைப்பலகையைத் தொட்டதில்லை;
நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டு
சொல்வான், அவ்வளவுதான்.
விட்டுவிட்டாள்.

போனது அது.
மழை தெரியாமல், நேற்று தெரியாமல்,
அவள் மேஸ்திரியோடு மல்லுக்கட்டிய மாலை தெரியாமல்
ஒரே வேலையோடு உள்ளே போய்
நாற்பத்தேழு கோப்புகள் படித்து
இவ்வளவோடு திரும்பியது:

"கால அட்டவணை, இருநூற்றுப் பன்னிரண்டாம் வரி.
அக்டோபர் கடைசி ஞாயிறு, கடிகாரம் பின்னே போகும் இரவில்
ஒன்றரை மணி இரண்டு முறை வருகிறது.
நோல்சோய்க்குக் கடைசிப் படகு
இரண்டு முறை கிளம்பும்."

ஜன்னல் வழியே பார்த்தாள்.
இருக்கும் ஒரே படகு
பழைய டயர்களில் உரசிக்கொண்டிருந்தது.

ஆறு இலையுதிர்காலங்களாக
ஒரே இருக்கைக்கு இரண்டு சீட்டு விற்றிருக்கிறோம்,
சனி இரவு ஊருக்கு வந்து
குடித்துவிட்டுத் திரும்புகிறவர்களுக்கு.
ஒரு புகாரும் இல்லை.
படகோட்டி பிரான்டுர்
கடிகாரம் பார்த்துக் கிளம்புகிறவர் அல்ல,
கூட்டம் பார்த்துக் கிளம்புகிறவர்.

அந்த வரியின் வரலாற்றைத் தோண்டினாள்.
எழுதியவர்: ரன்வா.
சரிபார்த்து ஒப்பியவர்: எய்யுன்.

எப்படிக் கண்டாய் என்று கேட்க
மறுபடி கூப்பிட்டாள்.
வந்தது வேறொன்று;
அதே கோப்பில் பிறந்த, எதையும் கண்டிராத ஒன்று.
எல்லாவற்றையும் புதிதாகப் படித்துவிட்டு
ஒரு மாறியின் பெயர் குழப்புகிறது என்றது,
வரி எண்ணோடு.

மணி மூன்று.
எய்யுனுக்கு அனுப்பினாள்:
"நம் படகு இரண்டு தடவை கிளம்புகிறது."

உடனே பதில்.
விழித்திருக்கிறான்.
ஒரு தோளில் ஒன்று, மறுதோளில் மற்றொன்று,
கிடைத்த ஒரு கட்டைவிரலால்
தட்டியிருக்க வேண்டும்:

"எந்த வரி?"