கோப்பைக் கணக்கு

மூன்று நாளைக்கு என் வேலை
கோப்பைகளை எண்ணுவது.
வெளியே போனவை ஆயிரத்து நூற்று நாற்பது.
ஒன்று குறைந்தாலும் கூலியில் பிடிப்பார்கள்.
வில்சன் கழுவுவான், நான் துடைப்பேன்.
துடைக்கும்போது தெரிந்துவிடும்
யார் உதட்டுச்சாயம் பூசியவர்,
யார் குடித்தார்,
யார் குடிப்பதுபோல் பாவனை செய்தார்.

உருகுவாயின் கிழக்குக் கரை, ஜனவரி.
மணலுக்கு மேல் பலகை,
பலகைக்கு மேல் கம்பளம்,
கம்பளத்துக்கு மேல் மணல்.
கடல்சிங்கங்கள் பாறையில் கிடந்து ஏப்பம் விடுகின்றன.
அந்த வாடை உள்ளே வராதிருக்க
வாசல் முழுக்க லாவெண்டர் தொட்டிகள்.
வாடை அதையும் தாண்டி வந்தது,
சீட்டு வாங்காமல்.

கோபன்ஹேகனிலிருந்து வந்த சமையல்காரர்
டோர்பென் லிக்கே
விடியலில் முழங்கால் தண்ணீரில் நின்று
பாறைப் பாசியைக் கத்தரிக்கோலால் வெட்டினார்.
படம் எடுக்க இரண்டு பேர்.
மாலையில் அது கூழாங்கல்மேல் ஓர் இலையாக வந்தது,
பக்கத்தில் மூன்று துளி எண்ணெய்.
"இந்தக் கரையின் சுவை" என்றார்.
கல்லைக் கடிக்க வேண்டாமென்று
பரிமாறும் பெண் ஒவ்வொரு மேசையிலும் சொல்ல வேண்டியிருந்தது.

அதே பாசியை
எலிதா பெரெய்ரா முப்பது வருடமாய்
மாவில் பிசைந்து பொரிக்கிறாள்,
சாலை திரும்பும் இடத்தில்
சக்கரம் கழன்ற வேனுக்குள்.
பொட்டலத்துக்கு எட்டு உருண்டை.
விழாவுக்கு அவளை யாரும் அழைக்கவில்லை.
அவளுக்கு எண்ணெய் விலைதான் கவலை.

பன்னிரண்டாம் மேசை மைத்தே கொயெனெச்சேயுடையது.
தன்னா திராட்சை. கறுப்பு.
குடித்தவர் சிரித்தால்
நாவற்பழம் தின்ற பிள்ளையின் பல்.
ஆலங்கட்டி விழுந்த வருடத்து ஒயின் அது,
மூவாயிரம் போத்தல் தரும் சரிவு
நூற்றுப் பத்து தந்தது.
அதில் பதினொன்றை எடுத்து வந்திருந்தாள்,
ஆளுக்கு இரண்டு மடக்கு, அளந்து.
ஒருவர் "பிளம்" என்றார்.
ஒருவர் "நனைந்த குதிரைச் சேணம்" என்றார்.
ஒருவர் கண்மூடி நெடுநேரம் நின்று
"துக்கம்" என்றார்.
"இல்லை," என்றாள் மைத்தே, "அது பீப்பாய்."

மூன்றாம் நாள் அந்தியில்
தென்மேற்கு வானம் கத்தரிக்காய் நிறமானது.
பாம்பேரோ.
அம்மி பறக்கும் காற்று,
கூடாரம் எம்மாத்திரம்.
முதலில் துடைப்புத் துணிகள் போயின,
பிறகு உணவுப் பட்டியல்கள், பிறகு ஒருவருடைய தொப்பி.
கூடாரத்தின் ஒரு பக்கம்
கூட்டத்தில் ஏதோ பேசப்போகிறவர்போல் எழுந்து நின்றது.
மின்சாரம் நின்றது.
வெந்நீர்த் தொட்டிகளில் பாதி வெந்த ஆட்டிறைச்சி
இருநூறு துண்டு
இருட்டில் ஆறத் தொடங்கியது.

வெளிச்சம் ஒன்றே ஒன்று மிஞ்சியிருந்தது:
எலிதாவின் வேனில், கேஸ் அடுப்பின் நீலம்.
கையில் கோப்பையோடு
எல்லோரும் அதை நோக்கி நடந்தார்கள்.
என் கோப்பைகள்.
டோர்பென் வரிசையில் ஒன்பதாவது ஆள்.
"சில்லறை இருக்கா?" என்றாள் எலிதா.
அவரிடம் அட்டைதான் இருந்தது.
பின்னால் நின்ற மைத்தே
கடைசிப் போத்தலைப் பலகையில் வைத்தாள்,
இரண்டு பேருக்கும் சேர்த்து.

எலிதா முகர்ந்தாள்.
ஒரு மடக்கு தனக்கு ஊற்றிக்கொண்டாள்.
பிறகு அரைப் போத்தலை
அப்படியே மாவுச் சட்டியில் கவிழ்த்தாள்.
"கெட்டியா இருந்துச்சு."

மைத்தே வாயைத் திறந்தாள்.
திறந்த வாயில்
சூடாக ஓர் உருண்டையைப் போட்டுக்கொண்டாள்.
டோர்பென் நின்றபடியே பதினாறு தின்றார்.
என்ன சுவை என்று யாரும் சொல்லவில்லை,
நாக்கு வெந்திருந்தது.

காலையில் எண்ணினேன்.
ஆயிரத்து நூற்று இருபத்து மூன்று.
பதினேழு குறைவு. காரணம் கேட்டார்கள்.
"காற்று" என்றேன்.
அந்தக் கட்டத்தில் அப்படியே எழுதிக்கொண்டார்கள்,
கூலியிலும் பிடித்துக்கொண்டார்கள்.

பதினாறு எங்கே என்று எனக்குத் தெரியாது.
ஒன்று வேனில் இருக்கிறது,
அடுப்புக்கு இடப்பக்கம்.
அவள் அதில் உப்பு வைத்திருக்கிறாள்.