முதல் வேண்டாம்

பாரசீகக் கப்பலொன்று பம்பு பழுதாகிக்
கொட்டியாரக் குடாவில் பதினொரு நாள் நின்றது.
அதன் இரண்டாம் எஞ்சினியர் கியூமர்ஸ்
எண்ணெய் ஊறிய ஓவரோல்களை மூட்டையாய்க் கட்டி
டொக்யார்ட் றோட்டிலுள்ள என் சலவைக் கடைக்குக் கொண்டு வந்தான்.
எவ்வளவு என்றான்.
பரவாயில்லை, பிறகு பார்ப்பம் என்றேன்.
வாய் தானாய்ச் சொல்வது அது.
மூவாயிரத்து நானூறு என்று
மனம் அதற்கு முன்பே கூட்டி முடித்திருந்தது.

அவன் சிரித்தான்.
எங்கள் ஊர் ரொட்டிக்காரனும் இப்படித்தான்,
"காபெலி நதாரே" என்பான்:
உங்களுக்கு முன்னால் இதுவும் ஒரு பொருளா, கொண்டுபோங்கள்.
கொண்டுபோனால் பின்னால் ஓடி வருவான்.
மூன்று தரம் அவன் மறுக்க வேண்டும்,
மூன்று தரம் நாம் நீட்ட வேண்டும்.
தாரொஃப் என்று அதற்குப் பேர்.

பாதி ஆங்கிலம், பாதி கை.
ஷிராஸில் ஒரு வீட்டுக்குப் பெண் கேட்டுப் போனானாம்.
"இந்த வீடே உங்களுடையது" என்றார்களாம்.
மூன்று வருடம் தேத்தண்ணி குடித்தும்
அது ஓமா இல்லையா என்று
இன்னும் விளங்கவில்லையாம்.
நான் சிரித்த சிரிப்பில்
ஸ்திரிப்பெட்டி ஒரு கொலரைக் கருக்கிவிட்டது.
அதற்கும் அவன்,
உங்கள் கை நோகாதிருக்கட்டும் என்றான்.

சிரித்து முடியத்தான் சல்லி ஞாபகம் வந்தது.
கடல் வந்துபோன அடுத்த மாதம்.
பள்ளிக்கூட முகாம், மேசைக்குப் பின்னால் தொப்பி போட்ட பெடியன்.
அக்கா, தையல் மெசின் வேணுமா?
மற்ற ஆக்களுக்குக் குடுங்கோ தம்பி,
எங்களுக்குப் பரவாயில்லை.
எனக்குப் பின்னால் நாற்பது பேர். வெயில்.
இன்னொரு தரம் கேட்பான் என்று
சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றேன்.
அவன் என் பேரில் ஒரு கோடு இழுத்தான்,
அடிமட்டம் வைத்து, நேராக.
அடுத்த ஆள்.

அவனில் பிழையில்லை.
அவனுடைய தாளில் வேண்டாம் என்றால் வேண்டாம்.
முதல் வேண்டாம் வாசலில் தொங்கும் சீலை,
கையால் விலக்கலாம் என்று
யார் அவனுக்குச் சொல்வது?
இரண்டாம் தரம் கேட்கத் தெரிந்தவர்கள் எல்லாரும்
அந்த வரிசையிலேதான் நின்றார்கள்,
கொடுக்க ஒன்றுமில்லாமல்.

இதைக் கியூமர்ஸுக்குச் சொல்ல
என்னிடம் ஆங்கிலம் காணாது.
கடைசி நாள் மூட்டையை எடுக்க வந்தான்.
எவ்வளவு?
மூவாயிரத்து நானூறு.
மற்ற இரண்டு தரத்துக்கும் ஆயத்தமாய் வந்த கை
நடுவில் நின்றது.
முகம் கொஞ்சம் வாடியதோ, பிறகு எண்ணி வைத்தான்.
போட்டு வாறன் என்றான்.
யாரிடமோ கற்றிருக்கிறான்.
வரமாட்டான் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.
வாங்கோ என்றேன்.

பின்னேரம் மச்சாள் புனிதமலர்
கடை வாசலில் நின்று
சாப்பிட்டாச்சோ என்றாள், வழக்கம்போல.
இல்லை என்றேன்.
இருபது வருடமாய்க் கேட்கிறாள்;
இந்தப் பதிலுக்கு அவளிடம் ஒன்றுமில்லை,
கையில் ஒரு குடை மட்டும்.
அதை விரித்தாள், மடக்கினாள்.

கடையைப் பூட்டினேன்.
சந்திக் கடையில் ரொட்டியும் சம்பலும்.
நான் குடுக்கிறன்.
விடு மச்சாள், நான்.
சும்மா இரடி, போன முறையும் நீதான்.
கல்லாவில் இருந்தவர்
நீட்டிய இரண்டு தாளையும் பார்த்தபடி
கையைத் தூக்காமல் இருந்தார்.