ப்ரோவா

ஜுசாரா ஃபோன்டெனெலே பலகையில் எழுதினாள்:
கதேயா ஜி ப்ளோக்குஸ்.
கதேயா என்றால் சங்கிலி.
கதேயா என்றால் சிறையும்தான்.
மூன்றாம் வரிசையிலிருந்து ஒரு குரல்:
"என் மாமா ஏற்கெனவே அங்கேதான், ப்ரொஃபெஸோரா."
சிரிப்பு அடங்க ஐந்து நிமிடம்.

பாடநூல் ஆங்கிலத்தில் இருந்தது.
அதைப் போர்த்துகீசியத்தில் சொல்லப் போனால்
ஒவ்வொரு சொல்லும் இந்த ஊர்ச் சட்டையோடு வந்து நின்றது.
ப்ளோக்கு: கார்னிவலில் தெருவை அடைத்து ஆடிப்போகும் கூட்டம்.
கர்த்தேய்ரா: பணப்பை; அவர்கள் முழங்கை ஊன்றியிருந்த மேசையும் அதே.
மினெராசாவ்:
இதை விளக்க வேண்டியிருக்கவில்லை.
மாநிலத்தின் பெயரே சுரங்கங்கள்.
ஜன்னலுக்கு வெளியே பாதி தின்ற மலை.

சாவி ஒன்றுதான் தொந்தரவு தரவில்லை.
ஷாவி என்றாள் அவள்.
(நான் எழுதும் மொழியிலும் அது சாவிதான்.
கப்பலில் வந்தது, திரும்பிப் போகவில்லை.)

அன்று கணினி அறையில் மின்சாரம் இல்லை.
தாள் கொடுத்தாள், முப்பத்தொரு பேருக்கும்.
யார் யாருக்கு எத்தனை சீஸ் ரொட்டி கடன், எழுது.
எழுத்துக்கு ஓர் எண் வைத்துக் கூட்டு.
தொண்ணூற்றேழால் வகு.
மீதியை அடுத்த ஆளிடம் சொல்;
அதைத் தன் தாளின் தலையில் எழுதிக்கொண்டு,
அதையும் சேர்த்துக் கூட்டட்டும்.

க்ளெய்ட்சன் நான்காம் தாளைத் திருடி
இரண்டை இருபதாக்கினான்.
ஐந்தாம் தாள் காட்டிக்கொடுத்தது.
ஐந்தைத் திருத்தினான், ஆறு.
ஆறைத் திருத்தினான், ஏழு.
பதினொன்றில் வியர்த்துப்போய்ப் பேனாவை மூடி
"இரண்டு ரொட்டியே போதும்" என்றான்.

"அவ்வளவுதான் பாடம்" என்றாள் ஜுசாரா.
"யாரையும் நம்ப வேண்டாம். கூட்டத் தெரிந்தால் போதும்."
சொல்லும்போது அவளுக்கே அது பிடித்திருந்தது.

ரயானே கை தூக்கவில்லை, உட்கார்ந்தபடியே கேட்டாள்:
"முதல் தாளிலேயே பொய் எழுதியிருந்தால்?"

அவள் அப்பா அணையில் அளவுமானி பார்ப்பவர்.
ஆற்றுக்குக் கட்டியதில்லை, சுரங்கச் சேற்றுக்குக் கட்டியது.
அதன் கீழே எட்டுத் தெரு, ஒரு தேவாலயம், ஒரு டயர் கடை.
மாதம் ஒருமுறை குழாயில் நீர்மட்டம்,
ஒரு படிவம், ஒரு கையெழுத்து.
கடைசிக் கட்டத்தில் எப்போதும் ஒரே சொல்:
நிலையானது.

ஜுசாரா வாயைத் திறந்தாள்,
சங்கு ஊதியது.
மாதத்தின் முதல் புதன், ஒத்திகைதான்,
எல்லாருக்கும் தெரியும்,
இருந்தும் இரண்டு பேர் கதவைப் பார்த்தார்கள்.
ஒருவன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிறகு கழற்றினான்.
ஒன்றரை நிமிடம்.

"பொய்யும் அழியாது" என்றாள், சங்கு ஓய்ந்ததும்.
"அதுதான் பதில்.
நல்ல பதில் இல்லை."

அடுத்த வாரம் ப்ரோவா.
ப்ரோவா என்றால் தேர்வு.
ப்ரோவா என்றால் சான்று.
ஐந்தாம் கேள்வி: சங்கிலியில் இருப்பதை யாரும் மாற்றவில்லை
என்று எப்படி நிறுவுவாய்?

ரயானே கணக்கைச் சரியாகப் போட்டிருந்தாள்,
கடைசி மீதி வரைக்கும்.
அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்:

கையெழுத்து அப்பாவுடையது, அசல்.
தேதி சரி.
பிறகு யாரும் திருத்தவில்லை.
எண் மட்டும் தொலைபேசியில் வந்தது.

ஜுசாரா முதலில் பத்துக்குப் பத்து போட்டாள்.
எழுந்து போய்க் காபி வைத்தாள், குடிக்கவில்லை.
திரும்பி வந்து பத்தை ஒற்றைக் கோட்டால் அடித்தாள்,
உள்ளே இருப்பது படிக்கும்படி.
பக்கத்தில் எழுதினாள்:
இதற்கு மதிப்பெண் போட எனக்குத் தெரியவில்லை.
பேர் போட்டாள், தேதி போட்டாள்.

வெள்ளை மை மேசையில்தான் இருந்தது.