நாலாம் மாடிப் பால்

நேர்காணலில் கேட்டார்கள்,
ஏன் சமூகப்பணி என்று.
மனிதர்களுக்கு உதவப் பிடிக்கும், என்றேன்.
எனக்கு முன்னால் போனவளும் அதையேதான் சொல்லியிருப்பாள்.
மூன்று பேரும் தலையசைத்து எழுதிக்கொண்டார்கள்.
டண்டீ மழை ஜன்னலில் சரிந்துகொண்டிருந்தது.
இடம் கிடைத்துவிட்டது.

சொல்லாமல் விட்டது இது:
எனக்கு ஏழு வயதில் எங்கள் சமையலறைக்குள்
பச்சை மழைக்கோட்டில் ஒருத்தி வந்தாள்.
அன்பாகத்தான் பேசினாள்.
பேசியபடியே ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.
சத்தமில்லாமல் அவள் உதடு முட்டைகளை எண்ணியது,
ஒன்று, இரண்டு, மூன்று, நாலு.
அம்மாவின் கழுத்தில் சிவப்பு
மெல்ல ஏறிக் காதைத் தொட்டது.
நாலும் இரவல் முட்டை.
பக்கத்து வீட்டு இஷ்பெலிடம் வாங்கி,
ஸ்வெட்டருக்குள் வைத்து,
மூச்சைப் பிடித்துப் படியிறங்கி வந்தவள் நான்தானே.

இரண்டாம் ஆண்டில் உறவு வரைபடம் கற்றோம்.
நடுவில் பெரிய வட்டம், அதற்குள் குடும்பம்.
சுற்றிலும் சின்ன வட்டங்கள்:
பள்ளி, மருத்துவர், வேலை, வீட்டுவாடகை அலுவலகம்.
பலமான உறவுக்குத் தடித்த கோடு,
மெலிந்ததற்குப் புள்ளிக்கோடு,
சண்டைக்கு ரம்பப்பல்.
ருவரி பயிற்சிக்குத் தன் வீட்டையே வரைந்தான்.
தாள் முழுக்க ரம்பம்.
"எனக்குக் கோடு போட வராது" என்று சிரித்து
கசக்கினான்; ஆனால் குப்பையில் போடவில்லை,
பையில் வைத்துக்கொண்டான்.

வாரம் மூன்று இரவு சூப்பர்மார்க்கெட்டில் எனக்கு வேலை.
கெடு முடியப்போகும் பாலை
முன்வரிசைக்குத் தள்ளவேண்டும்.

நவம்பரில் களப்பயிற்சி. லாக்கியில் ஒரு அடுக்குமாடி.
லிஃப்ட் ஓடவில்லை.
மேற்பார்வையாளர் காரில் போன் பேசிக்கொண்டிருந்தார்,
"முதல் பத்து நிமிஷம் நீ போ, வந்துவிடுகிறேன்."
ரோனா பெட்ரிக்கு இருபத்து மூன்று, எனக்கு இருபத்து இரண்டு.
அவள் இடுப்பில் ஒரு குழந்தை,
மேஜைக்கடியில் இன்னொன்று, என் ஷூவின் நாடாவை அவிழ்த்தபடி.
மின்சார மீட்டரில் சிவப்பு விளக்கு
விட்டுவிட்டு எரிந்தது.

ஃப்ரிட்ஜைத் திறக்கச் சொல்லக்கூடாது
என்று பஸ்ஸிலேயே முடிவு செய்திருந்தேன்.
நான் உட்காருவதற்குள்
அவளே திறந்துவிட்டாள், அகலமாக,
கடை திறப்பதுபோல.
"பார்த்துக்கோ."
பால் பாட்டிலின் பக்கவாட்டில் கறுப்பு மார்க்கரில்
செங்கா, 4/2.
பாலாடைக்கட்டியிலும் அதே கையெழுத்து.
நான் வாசிப்பதை அவள் பார்த்தாள்.
கழுத்தில் தொடங்கியது.
அந்தச் சிவப்பு போகும் வழி எனக்குத் தெரியும்.

வகுப்பில் படித்த கேள்வி எதுவும் வாயில் வரவில்லை.
"லிஃப்ட் இல்லையே, நாலாம் மாடியிலிருந்து எப்படி?" என்றேன்.
ரோனா ஒரு நொடி யோசித்தாள்.
"செங்காவுக்கு இடுப்பு எலும்பு சரியில்லை.
கூடையில் வைத்து, மாடிப்படி நடுவே
கயிற்றில் இறக்குவாள்.
ஒருதடவை முட்டை
இரண்டாம் மாடிக்காரன் தலையில்."
சொல்லிவிட்டு அவளும் சிரித்தாள்.

படிவத்தின் மூன்றாம் பக்கம்:
வீட்டில் உணவு போதுமா?
போதாது. அப்படியே எழுதினேன்.
எழுதாமல் விட்டால் உதவிப் பணம் வராது,
எழுதினால் என்னென்ன வரும் என்பதும் தெரியும்.
ஐந்தாம் பக்கம்:
நெருக்கடியில் துணை நிற்பவர்?
மூன்றாம் பக்கத்தில் பொய்யாக இருந்த பால்
இங்கே மெய்யாகிவிட்டது.
செங்கா என்று எழுதி,
கோட்டைப் பேனா அழுத்தி அழுத்தித் தடிப்பாக்கினேன்.
பால், பாலாடைக்கட்டி, கயிறு.

காரில் மேற்பார்வையாளர் கேட்டார்,
"கயிறு என்றால்?"
சொல்லி முடிக்க இரண்டு சிக்னல் ஆயிற்று.

எங்கள் கோப்பும் ஏதோ ஒரு கிடங்கில் இருக்கிறது.
விண்ணப்பித்தால் நகல் தருவார்களாம்.
படிவம் வாங்கி ஆறு வாரம், பையிலேயே கிடக்கிறது,
ஓரம் மடங்கி.
முட்டை நாலு என்று நிச்சயம் இருக்கும்.
இஷ்பெல் இருப்பாளா என்பதுதான்.